பூவன் பழம் கறுக்கட்டும், பிறகு மஃபின்

வீகன் மஃபின், அதாவது முட்டையும் பாலும் சேராத சிறு கேக், செய்யப்போகிறேன் என்று சொன்னால் போதும், முட்டைக்கு மாற்றாக ஒரு பொடி, பாலுக்கு மாற்றாக ஒரு டப்பா, வெண்ணெய்க்கு மாற்றாக இன்னொரு டப்பா என்று ஆளாளுக்கு ஒரு பட்டியலை நீட்டுவார்கள். அதையெல்லாம் ஓரமாக வையுங்கள். தோல் கறுத்த பூவன் பழம் நான்கைந்து, மைதா, நாட்டுச் சர்க்கரை, எண்ணெய், அரை மூடித் தேங்காய், ஒரு எலுமிச்சை, ஆப்ப சோடா. திருச்சியில் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிற சாமான்கள்தான். பேக்கிங் பவுடருக்கு மட்டும் கொஞ்சம் பெரிய கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுப்படிக்குள் வந்தது மருமகளுக்காக. அவள் நாமக்கல் பக்கம், கோழிப்பண்ணைக் குடும்பத்துப் பெண். முட்டை லாரிகளைப் பார்த்து வளர்ந்தவள் முட்டையையும் பாலையும் ஒருசேர விட்டுவிட்டாள். தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. “முட்டையில்லாத கேக் என்று எழுதியிருந்தால் அது எனக்கு ஆகாது மாமா, அதில் பால் இருக்கும்” என்பாள். சரியான பேச்சு. பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது. பாலும் தேனும் அதற்குள் அடக்கம். வீகன் பொருட்களுக்கென்று 2022-இல் தனி விதிமுறைகள் வந்து, அதற்குத் தனி முத்திரையும் இருக்கிறது. வீட்டில் செய்கிறவர்கள் உஷாராக இருக்க வேண்டியவை இரண்டு: மார்ஜரின், சாக்லேட் துண்டுகள். இரண்டிலும் பால் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். டூட்டி ஃப்ரூட்டி சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்தான். அதன் சாயத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, அது வேறு விஷயம்.

முட்டை இல்லாமல் எப்படி நிற்கும் என்று கேட்பவர்களுக்கு: மாவைச் சேர்த்துப் பிடிப்பது, ஈரம் கொடுப்பது, உப்பவைப்பது என்று முட்டைக்கு மூன்று வேலை. முதல் இரண்டையும் நன்றாகப் பழுத்த வாழைப்பழம் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதை ஆப்ப சோடாவும் புளிப்பும் சேர்ந்து முடிக்கும். ஆகவே எல்லாம் பழத்தில்தான் இருக்கிறது. பழம் சரியில்லை என்றால் மேற்கொண்டு எதைச் சேர்த்தும் பயனில்லை.

காந்தி மார்க்கெட்டில் ஒரு சுற்று வந்தால் எத்தனை வகைப் பழம்! மஃபினுக்கு என் தேர்வு பூவன். இனிப்போடு லேசான புளிப்பும் இருப்பதால் சோடா நன்றாக வேலை செய்கிறது, விலையும் கையைக் கடிக்காது. கற்பூரவள்ளி போட்டால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவு தித்திப்பு. ரஸ்தாளி சாப்பிட நல்ல பழம், ஆனால் உள்ளே சில சமயம் கல் மாதிரிக் கட்டி விழுந்திருக்கும். எவ்வளவு மசித்தாலும் அது மசியாது. நேந்திரம் தோல் முழுக்கக் கறுத்த பிறகுதான் குழையும், பொறுமை உள்ளவர்கள் காத்திருக்கலாம். பச்சைப்பழத்தில் மணம் குறைவு, கூடவே அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு அதிகம் விட வேண்டும். செவ்வாழையை மசித்து மாவில் போடுவது பாவம், அதை அப்படியே சாப்பிடுங்கள்.

தோல் மஞ்சளாகப் பளபளத்துக் காம்பு மட்டும் பச்சையாக இருக்கிற பழத்தை நம்பாதீர்கள். கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்ததாக இருக்கலாம். மேலே மஞ்சள், உள்ளே மாவு. பழம் நன்றாகப் பழுக்கும்போதுதான் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. சீப்பை வாங்கி வந்து சமையலறை ஜன்னலோரம் தொங்கவிடுங்கள். தோலில் கறும்புள்ளிகள் விழுந்து, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, காம்பைத் தொட்டாலே பழம் கழன்று விழுகிற நிலை வரட்டும். உரித்தால் சதை கொஞ்சம் கண்ணாடி போல, தேன் நிறத்தில் இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் தூக்கி எறியப் பார்க்கும் பழம்தான் நமக்கு வேண்டிய பழம். அன்றைக்குச் செய்ய முடியாவிட்டால் உரித்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் நீர் விட்டுக் கொழகொழவென்று கிடக்கும், பயப்பட வேண்டாம், அந்த நீரையும் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

இனி அளவு. டம்ளர் கணக்கை நான் ஏற்பதில்லை. ஒரு வீட்டு டம்ளர் இன்னொரு வீட்டில் இல்லை. சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு மஃபினுக்கு: மைதா 150 கிராம், தோல் உரித்த பழம் 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 70 கிராம், எண்ணெய் 60 மில்லி, தேங்காய்ப் பால் மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஏலக்காய் இரண்டு. தேக்கரண்டி என்றால் 5 மில்லி அளவுக் கரண்டி, தலை தட்டியது. கடைசியில் கலவையில் சேர்க்க, பொடியாக நறுக்கிய பழத் துண்டோ உலர்ந்த திராட்சையோ பேரீச்சையோ 75 கிராம். மைதா பிடிக்காதவர்கள் மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு சேர்க்கலாம். அரைத்த கோதுமை மாவு ஈரத்தை அதிகம் இழுக்கும் என்பதால் தேங்காய்ப் பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். முழுக்கவே கோதுமை என்றால் மஃபின் கனத்துப்போகும், சொல்லிவிட்டேன்.

சோடா விஷயத்தில் கை தாராளமாகப் போக வேண்டாம். கூடினால் அதிகம் உப்பும் என்பது கதை. சவக்காரம் மாதிரி ஒரு வாடைதான் மிஞ்சும். டப்பாவில் நெடுநாள் கிடந்த பேக்கிங் பவுடரை ஒரு சிட்டிகை எடுத்துச் சுடுநீரில் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் உயிர் இருக்கிறது. பொங்காவிட்டால் குப்பைக் கூடைக்கு.

எண்ணெயில் சூரியகாந்தி எண்ணெய் சாதுவானது. தேங்காய் எண்ணெய்க்கு மணம் உண்டு, ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழிக் காலையிலோ, ஃப்ரீசரில் இருந்து எடுத்த பழத்தோடோ சேர்த்தால் கலவையில் வெள்ளை வெள்ளையாகத் திரளும். பழம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு எண்ணெயை விடுங்கள். செக்கு நல்லெண்ணெயை இட்லிப் பொடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ஓடிஜி என்கிற மின்சார ஓவனைப் போடுங்கள், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும், 200 டிகிரி. திருகியில் எழுதியிருக்கும் எண்ணை நான் நம்புவதில்லை. கேஜ் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் கைமாற்றாத பழக்கம். ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் என்று தனியாக விற்கிறார்கள், ஒன்று வாங்கித் தட்டுக் கம்பியில் மாட்டுங்கள். என் அடுப்பில் திருகி 180 காட்டும்போது உள்ளே 200-ஐத் தாண்டி இருக்கும். அடி கருகுகிறது, உள்ளே வேகவில்லை என்று வருகிற புகார்களில் பாதிக்குக் காரணம் சமையல் குறிப்பு அல்ல, அந்தத் திருகி.

அகலமான பாத்திரத்தில் பழத்தை முள்கரண்டியால் மசியுங்கள். மிக்சி வேண்டாம். அங்கங்கே சிறு கட்டி இருந்தால் வாயில் தட்டுப்படும், அது சுவை. அதில் நாட்டுச் சர்க்கரை, எண்ணெய், தேங்காய்ப் பால், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலக்குங்கள். நாட்டுச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்றால் அந்தப் பாலிலேயே கரைத்து வடிகட்டுங்கள், மண் இல்லாத வெல்லம் அபூர்வம். இன்னொரு பாத்திரத்தில் மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலக்காய்ப் பொடி எல்லாவற்றையும் சேர்த்துச் சலியுங்கள். நறுக்கிய பழத்தை இந்த மாவில் ஒரு புரட்டுப் புரட்டி வைத்தால் அடியில் போய்த் தங்குவது குறையும்.

இப்போது உலர்ந்ததை ஈரத்தில் கொட்டி மடித்துக் கலக்குங்கள். அடிக்கக் கூடாது, கடையக் கூடாது. தட்டையான கரண்டியைப் பாத்திரத்தின் ஓரமாக அடிவரை இறக்கி, அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்து கவிழ்த்து, பாத்திரத்தைச் சற்றுத் திருப்பி, மறுபடியும் அதே மாதிரி. பத்துப் பன்னிரண்டு முறை போதும். கடைசியில் அங்கங்கே வெள்ளைக் கோடாக மைதா தெரிந்துகொண்டிருக்கும்போதே பழத்துண்டுகளைப் போட்டு, இரண்டு மடிப்பில் நிறுத்திவிடுங்கள். கை அரிக்கும், இன்னும் நாலு சுற்றுச் சுற்றச் சொல்லும். கேட்காதீர்கள். தோசை மாவைக் கரைத்துப் பழகிய கைக்குக் கட்டி தெரிந்தால் பொறுக்காது, ஆனால் இங்கே கட்டி இருந்தால் குற்றமில்லை. மைதாவை ஈரத்தோடு அதிகம் கலக்கக் கலக்க அதன் பசை இறுகி, பரோட்டா மாவின் இழுவை வந்துவிடும். அப்படிச் செய்த மஃபின் கூம்பாக உயர்ந்து நிற்கும். பிளந்து பார்த்தால் உள்ளே மேல்நோக்கி நீள நீளமாகத் துளைகள் இருக்கும், மெல்லும்போது ரப்பர்.

மாவு கரண்டியிலிருந்து ஒழுகாமல், கனமாகச் சரிந்து விழ வேண்டும். அச்சில் பேப்பர் கப் போட்டு முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். ஆறு குழித் தட்டு என்றால் மீதி இரண்டுக்கு எண்ணெய் தடவிய எவர்சில்வர் கிண்ணமே போதும். நிரப்பியதும் ஓவனுக்குள் போய்விட வேண்டும். சோடா புளிப்பைத் தொட்ட நிமிடமே வேலையைத் தொடங்கிவிட்டது, நீங்கள் தொலைபேசியில் பேசி முடிக்கும்வரை அது காத்திருக்காது.

முதல் ஐந்தாறு நிமிடம் 200 டிகிரி. தலை உப்பி எழுவது இந்தச் சூட்டில்தான். பிறகு 180-க்கு இறக்கி இன்னும் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். கண்ணாடி வழியாகப் பாருங்கள்: முதலில் மேற்பரப்பு ஈரமாக மினுங்கும், பிறகு மினுமினுப்பு மங்கும், ஓரத்தில் பொன்னிறம் ஏறும், நடுவில் ஒரு வெடிப்பு விழும். மினுமினுப்பு மங்கும்வரை கதவைத் திறக்கவே கூடாது. மின்சாரம் போனாலும் அதே சட்டம்தான், உள்ளே இருக்கும் சூட்டை வீணாக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுவது இன்னும் நல்லது. பல்குத்தும் குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக் கூடாது. இரண்டொரு துகள் ஒட்டினால் சரி. பழத்துண்டில் குத்திவிட்டு வேகவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இன்னோர் இடத்தில் குத்துங்கள். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். தட்டிலேயே ஆறவிட்டால் அடி வியர்த்து நசநசவென்று ஆகும். சூட்டோடு பிய்த்தால் உள்ளே களியாகத் தெரியும். ஆறினால்தான் சதை பிடிக்கும்.

ஓவன் இல்லாதவர்களுக்குக் குக்கரில் உப்புப் பரப்பிச் செய்யும் வழியைப் பலர் சொல்வார்கள். நல்ல குக்கரை வெறுமையாகக் காயவிட எனக்கு மனம் வராது. குழிப்பணியாரச் சட்டி இருக்கிறதே! எண்ணெய் தடவி, முக்கால் குழி மாவு விட்டு, மூடி போட்டு, தீயை மிகவும் குறைத்து வைத்து, மேல்பாகம் காய்ந்ததும் குச்சியால் திருப்பிப் போடுங்கள். தலை உப்பாது, இருபுறமும் சிவந்து வரும். பேரப்பிள்ளைகள் இதைத்தான் முதலில் காலி செய்கிறார்கள்.

பழத்தை மாற்ற நினைத்தால் சில எச்சரிக்கைகள். சப்போட்டாவை வாழைப்பழத்தின் எடைக்கு எடை மாற்றலாம், பிரமாதமாக வரும். மாம்பழக் கூழுக்கு வாழைப்பழத்தின் பிடிப்பு இல்லை. பாதி மாம்பழம் பாதி வாழை என்று வைத்து, ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தேங்காய்ப் பாலுக்குப் பதிலாகச் சேருங்கள். ஊறியது வழவழவென்று முட்டை வெள்ளை மாதிரியே இருக்கும். அன்னாசியையும் பலாவையும் பொடியாக நறுக்கி, வாணலியில் நீர் வற்றும்வரை வதக்கிப் போடுங்கள். தர்பூசணி வேண்டாம். கொய்யா வேண்டாம், விதை பல்லைப் பதம் பார்க்கும். விநாயகர் சதுர்த்திச் சமயத்தில் நாவல் பழம் கிடைக்கும்போது கொட்டை நீக்கிச் சேர்த்துப் பாருங்கள், துவர்ப்பும் இனிப்புமாக அருமை. ஆனால் சோடா அதிகமானால் நாவலின் ஊதா நிறம் பச்சையும் சாம்பலுமாகத் திரிந்து, பார்க்கவே ஒரு மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு மட்டும் ஆப்ப சோடாவை விட்டுவிட்டுப் பேக்கிங் பவுடரை ஒன்றரைத் தேக்கரண்டியாக்குங்கள், எலுமிச்சைச் சாறு அப்படியே இருக்கட்டும்.

செய்த அன்றைவிட மறுநாள் காலை மணம் கூடியிருக்கும். திருச்சி வெயிலில் அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள், பழ ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் வரும். ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போகும். ஆறியதும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டு, வேண்டும்போது எடுத்து, உறைபனி விட்டதும் 150 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் காட்டினால் போதும்.