வீட்டில் செய்யும் மைக்குக்கு மெஷ், ஃபோம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

சொந்தமாக மைக் செய்பவர்கள் பலரும் கேப்ஸ்யூலுக்கும் (ஒலியை மின்சாரமாக மாற்றும் பாகம்) சர்க்யூட்டுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்துவிட்டு, தலைப்பகுதியைக் கைக்குக் கிடைத்த வலையால் மூடிவிடுகிறார்கள். நல்ல கேப்ஸ்யூலும் மந்தமாகக் கேட்பதற்கோ, விடாமல் இரைவதற்கோ அந்த மூடி காரணமாகிவிடலாம். பேச்சு, பாட்டுப் பதிவுக்கான கண்டென்சர் மைக்கை (மின்னேற்றத்தை வைத்து ஒலியைப் பிடிக்கும் வகை), அல்லது அதிலேயே ஒரு ரகமான எலக்ட்ரெட் மைக்கை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. மெஷ் மின்சாரம் கடத்துகிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கண்டென்சர் கேப்ஸ்யூலின் முனையில் மின்தடை ஜிகாஓம் கணக்கில் இருப்பதால், வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதில் சுலபமாக ஏறிவிடும். உலோக வலையால் சுற்றி மூடி, அதை சர்க்யூட்டின் கிரவுண்டோடு (பூஜ்ய வோல்ட் பொது இணைப்பு) இணைத்தால் இரைச்சல் வெளியிலேயே நின்றுவிடும்.

நைலான், ஃபைபர்கிளாஸ் கொசுவலைகள் இதற்கு உதவாது. சாம்பல் நிற ஃபைபர்கிளாஸ் வலை பார்வைக்கு உலோகம் மாதிரியே இருக்கும். கடைக்குப் போகும்போது மல்டிமீட்டரைக் கொண்டுபோய், 'பீப்' வருகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

புதிதாகச் செய்பவர்களுக்கு என் தேர்வு பித்தளை வலை. கையால் வளைக்கலாம், சாதாரண சால்டர் ஒட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறுதியானது, ஆனால் ஆசிட் ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் அமிலப் பூச்சு) இல்லாமல் சால்டர் பிடிக்காது. அதனால் ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு வயரை இறுக்கிவிடுங்கள். டீ வடிகட்டியின் ஸ்டீல் வலை அரைக்கோளமாகவே கிடைப்பதால் வளைக்கும் வேலை மிச்சம். இரும்பு வலை துருப்பிடிக்கும், வேண்டாம்.

2. ஓட்டை எவ்வளவு, கம்பி எவ்வளவு?

'20 மெஷ்' என்றால் ஓர் அங்குலத்துக்கு 20 கம்பி. இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், கம்பியின் தடிமனையும் கேளுங்கள். ஓர் அங்குலமான 25.4 மி.மீ.யை 20ஆல் வகுத்தால் 1.27 மி.மீ., ஒரு கம்பியும் ஓர் ஓட்டையும் சேர்ந்த அகலம். கம்பி 0.4 மி.மீ. என்றால் ஓட்டை 0.87 மி.மீ. இப்போது 0.87ஐ 1.27ஆல் வகுத்து, வரும் விடையை அந்த விடையாலேயே பெருக்குங்கள்: சுமார் 47 சதவீதம் திறந்த பரப்பு. 0.3 மி.மீ. கம்பியில் பின்னிய 16 மெஷ் வலைக்கு இதே கணக்கு 66 சதவீதம் தரும்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய 31 சதவீதம்தான் மிஞ்சும். அடுக்கு கூடக்கூட ஒலி வலைக்குள்ளேயே பட்டுத் திரும்பும், மேல் ஸ்தாயியின் தெளிவு குறையும். மலிவான கண்டென்சர் மைக்குகளைத் திருத்துபவர்கள் உள்ளடுக்கு வலையைக் கழற்றுவது இதற்காகத்தான். 16 மெஷ்ஷில் ஓர் அடுக்கு போதும் என்பது என் கருத்து. பெயின்ட் அடித்தால் மெல்லிசாக அடியுங்கள், மைக்கின் உடலோடு தொடும் விளிம்பைச் சுரண்டி உலோகம் தெரிய விடுங்கள்.

கேப்ஸ்யூலுக்கும் வலைக்கும் நடுவே ஒரு விரல் அகலமாவது இடைவெளி விடுங்கள். தட்டையான வலையைவிடக் குமிழாக வளைந்தது நல்லது. வெட்டிய கம்பி முனை கையைக் கிழிக்கும், துணுக்குகள் உள்ளேயும் விழும். எனவே வெட்டி, மடித்து, தட்டி முடித்த பிறகே கேப்ஸ்யூலை அதன் பெட்டியிலிருந்து எடுங்கள்.

3. ஃபோம்: ஊதிப் பாருங்கள்

ஃபோமை உதட்டோடு வைத்து ஊதுங்கள். காற்று தடையில்லாமல் மறுபக்கம் வந்தால் அது திறந்த துளை ஃபோம், மைக்குக்கு ஏற்றது. டிவி பெட்டியில் வரும் வெள்ளை பேக்கிங் ஃபோம், ஈவிஏ ஷீட் (கைவினைக்கு விற்கும் ரப்பர் போன்ற தகடு) இரண்டிலும் காற்று புகாது, ஒலியும் அடைபட்டுப்போகும். மீன்தொட்டி ஃபில்டருக்கு விற்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் நன்றாக வேலை செய்யும். அதில் அங்குலத்துக்கு 30 துளை ரகத்தைக் கேட்டு வாங்கி, 5 மி.மீ. தடிமனுக்குச் சீவிக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய துளை 'ப' சொல்லும்போது வரும் காற்றடியைச் சரியாகத் தடுக்காது.

மேடைகளில் 1966 முதல் புழங்கும் ஷுர் எஸ்எம்58 மைக்கின் உருண்டை வலைக்குள்ளும் ஃபோம் உண்டு. ஆனால் அது டைனமிக் மைக், அதாவது மின்னேற்றம் இல்லாமல் காந்தமும் சுருளும் வைத்து வேலை செய்யும் வகை. பெரிய டயாஃப்ரம் (ஒலிக்கு அதிரும் மெல்லிய சவ்வு) கொண்ட கண்டென்சரில் ஃபோமை உள்ளே வைக்க நான் சொல்லமாட்டேன். பாலியூரித்தேன் ஃபோம் ஈரப்பதத்தில் நாளடைவில் பிசுபிசுத்து உதிரும். மின்னேற்றமுள்ள டயாஃப்ரத்தில் அந்தத் தூள் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. கழற்றிக் கழுவும்படி வெளியே தொப்பியாகப் போடுங்கள். பசை துளைகளை அடைத்துவிடும், விளிம்பில் நூலால் தையல் போடுங்கள்.

கேப்ஸ்யூலின் பின்பக்கம் ஓட்டைகள் இருந்தால் அது ஒரு திசையிலிருந்து அதிகம் கேட்கும் கார்டியாய்ட் வகை. அந்த ஓட்டைகளைப் பசையோ டேப்போ மூடினால் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கத் தொடங்கிவிடும்.

4. சோதனை

ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் மூன்று முறை பதிவு செய்யுங்கள்: வலை இல்லாமல், வலையோடு, வலையும் ஃபோமும் சேர்த்து. 'பப்பாளி', 'பம்பரம்', 'ஸரிகமபதநி' என்று சொல்லிப் பாருங்கள். 'ஸ' மழுங்கினால் ஃபோம் அடர்த்தி அதிகம், 'ப' இடித்தால் தடிமன் போதவில்லை. கடைசியாக, பதிவு ஓடும்போதே வலையை விரலால் தொடுங்கள். இரைச்சல் கூடினால் கிரவுண்ட் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. விளிம்பை மறுபடி சுரண்டி, ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுத் திரும்பத் தொட்டுப் பாருங்கள்.