வேலைக்கு சைக்கிள்ல போறவங்களுக்கு: சர்வீஸுக்காக வண்டி நிக்காம பார்த்துக்கறது எப்படி?

ஒரு தடவ என் சைக்கிளோட பின் டயர் பக்கவாட்டுல கிழிஞ்சு போச்சு. கடைல விட்டேன், கைக்கு வர நாலு நாள் ஆச்சு. டயர் மாத்தற வேலை கால் மணி நேரம்தான், மீதி நேரம் பூரா சரியான டயர் வர்றதுக்காக வண்டி சும்மா சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் உக்காந்து யோசிச்சு பராமரிப்ப வேற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கிட்டேன், இப்ப வேலைநாள்ல சைக்கிள் இல்லாம நான் நிக்கறதே இல்ல. புதுசா ஆரம்பிச்சவங்களுக்காக அத அப்படியே எழுதறேன்.

1. முதல்ல வண்டியோட ஜாதகத்த எழுதி வைங்க

எல்லாரும் தாண்டிப் போற இடம் இதுதான், நான் மாட்டுனதும் இங்கதான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் "26 இன்ச் டயர்". அதையே கடைலயும் சொன்னேன், அவரும் 26னு ஒண்ண வரவழைச்சாரு, அது ரிம்ல ஏறவே இல்ல.

காரணம் என்னன்னா 26ங்கிற பேர்ல பல அளவு இருக்கு. டயர் ஓரத்துல புடைப்பா சின்ன எழுத்துல 37-590 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், டார்ச் அடிச்சு தேடுங்க, தூசியத் தொடச்சாதான் தெரியும். முதல் நம்பர் டயரோட அகலம், ரெண்டாவது டயர் ரிம்ல போய் உக்கார்ற இடத்தோட விட்டம், ரெண்டுமே மில்லிமீட்டர்ல. 26 × 1 3/8 டயருக்கு அந்த ரெண்டாவது நம்பர் 590, 26 × 1.75 டயருக்கு 559. பேர் ஒண்ணு, ஆனா 31 மில்லிமீட்டர் வித்தியாசம். அதனால இன்ச்ச மறந்துடுங்க, இந்த நம்பரத்தான் கடைல சொல்லணும்.

கூடவே குறிச்சுக்க வேண்டியது: டியூப் வால்வு எந்த வகை (கார் டயர்ல இருக்கற மாதிரி தடிமனா, இல்ல ஒல்லியா மேல குட்டி நட்டோட, இல்ல ரப்பர் வால்டியூப் போட்ட பழைய வகையா), பின்னாடி எத்தனை பல்சக்கரம், பிரேக் ரிம்மப் புடிக்குதா டிஸ்க்கப் புடிக்குதா. டிஸ்க்க ரெண்டு பக்கமும் அழுத்திப் புடிக்கற கட்டைக்கு பேடுன்னு பேரு, அதுல ஏகப்பட்ட வடிவம் இருக்கு, வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாது, கழட்டும்போது ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

இந்த லிஸ்ட் கைல வந்தவுடனே ஒரு டியூப், ஒரு ஜோடி பிரேக் கட்டை, ஒரு பிரேக் கேபிள் வாங்கி வீட்ல போட்டுடுங்க. முடிஞ்சா டயர் ஒண்ணும். கடைல வண்டி தூங்கறதுக்கு முக்கால்வாசி காரணம் பார்ட்ஸ் இல்லாததுதான், பார்ட்ஸ் நம்ம கைல இருந்தா காலைல விட்டு சாயங்காலம் எடுத்துடலாம்.

2. வாரத்துக்கு பத்து நிமிஷம், நீங்களே

காத்து: கட்டைவிரலால அமுக்கிப் பார்க்கறத நான் நம்பறதே இல்ல. மீட்டர் வச்ச நிக்கிற பம்ப் ஒண்ணு வாங்குங்க, மத்த டூல்ஸ்க்கு முன்னாடி இதத்தான் வாங்கச் சொல்வேன். டயர் ஓரத்துலயே எவ்வளவு வரைக்கும் அடிக்கலாம்னு போட்டிருக்கும், அத தாண்டாதீங்க. பஞ்சரே இல்லாட்டியும் காத்து மெதுவா இறங்கத்தான் செய்யும், ஒல்லி டயர்ல இன்னும் சீக்கிரம். காத்து கம்மியா ஓட்டுனா பள்ளத்துல விழும்போது டியூப் டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல நசுங்கி பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும், பாம்பு கடிச்ச மாதிரி.

செயின்: முதல்ல பழைய துணியால நல்லா துடைங்க. அப்புறம் பெடல பின்பக்கமா மெதுவா சுத்திக்கிட்டே, செயினோட கீழ் ஓட்டத்துல உள்பக்கமா, ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிஷம் விட்டுட்டு வெளிப்பக்கத்த திரும்பவும் துடைச்சு எடுத்துடணும், கைல தொட்டா லேசா பிசுபிசுன்னு இருந்தா போதும். எண்ணெய் வேணுங்கறது உள்ள இருக்கற பின்னுக்குத்தான் (செயின் துண்டுகள கோர்த்திருக்கற குட்டி ஆணி), வெளில நிக்கற எண்ணெய் மண்ண இழுத்து உப்புத்தாள் மாதிரி செயினத் தின்னுடும். சாதாரண டபிள்யூடி-40 ஸ்பிரே துரு இளக்க நல்லது, ஆனா செயினுக்கு அது எண்ணெய் ஆகாது, ரொம்ப மெல்லிசு, நிக்காது.

பிரேக்: கட்டைல வெட்டியிருக்கற கோடு தெரியற வரைக்கும் ஓட்டலாம், கோடு மறைஞ்சா மாத்திடுங்க. அவ்வளவுதான்.

3. மெக்கானிக்க எப்படி அமைச்சுக்கறது

வீட்டுப் பக்கத்துக் கடைய விட ஆபீஸ் பக்கத்துக் கடைதான் எனக்கு வசதி. காலைல போற வழில விட்டுட்டு நடந்து போயிடலாம், சாயங்காலம் ஓட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்துடலாம், தனியா ஒரு நடை கிடையாது. முன்னாடி நாளே பேசி இடம் சொல்லி வைங்க, நீங்க கொண்டு வர்ற பார்ட்ஸ மாட்டிக் குடுப்பாங்களான்னும் அப்பவே கேட்டுடுங்க, சில கடைல ஒத்துக்க மாட்டாங்க.

விடும்போது "ஃபுல் சர்வீஸ் பண்ணிடுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு சீட்டுல எழுதி ஹேண்டில்பார்ல கட்டி விடுங்க. நோய் பேரு நீங்க சொல்ல வேணாம், என்ன நடக்குதுன்னு சொன்னா போதும்: "மேட்டுல அழுத்தி மிதிச்சா பின்னாடி கடக்குனு வழுக்குது", "முன் பிரேக் புடிச்சா கீச்சுங்குது". லிஸ்ட்ல இல்லாத எதையும் மாத்தறதுக்கு முன்னாடி போன் பண்ணச் சொல்லி நம்பரும் எழுதுங்க.

வீல் கோட்டம் எடுக்கறது, பேரிங் பிரிச்சு கிரீஸ் வைக்கறது, ஓவராயிலிங் இதெல்லாம் அவங்ககிட்டயே விட்டுடுங்க. புது சைக்கிள்னா முதல் மாசம் ஓட்டுனதும் கட்டாயம் ஒரு தடவ காட்டணும், கேபிளும் சக்கரக் கம்பியும் அப்பதான் இழுபட்டு இடத்துல உக்காரும்.

4. எப்ப மாத்தணும்னு முன்னாடியே தெரிஞ்சுக்க

செயின் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்க்க ஒரு இரும்பு ஸ்கேல் போதும். செயின்ல ஒரு பின்னோட நடுவுல பூஜ்ஜியத்த வச்சு 12 இன்ச் கோட்டுல பாருங்க. புது செயின்னா அங்க சரியா இன்னொரு பின்னோட நடு வரும். 1/16 இன்ச் தள்ளிப் போயிருந்தா செயின் மாத்தற நேரம், 1/8 இன்ச் வரைக்கும் விட்டுட்டா பின் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும், செலவு எங்கயோ போயிடும். நான் மாசம் ஒரு தடவ பார்ப்பேன், 1/16ஐ நெருங்கும்போதே செயின வாங்கி வச்சுட்டு கடைல நாள் சொல்லிடுவேன். பின்னாடி 11, 12 பல்சக்கரம் இருக்கற வண்டின்னா அதுவரைக்கும்கூட இழுக்காதீங்க.

பின்சேர்க்கை: இதப் படிச்சிட்டு ஒருத்தர், புது டியூப் போட்டும் மறுநாளே பஞ்சர்னு எழுதியிருந்தாரு. டயருக்குள்ள முள்ளு அப்படியே இருந்திருக்கு. டியூப்ப மாத்தும்போது பழைய டியூப்ல ஓட்டை வால்வுலேர்ந்து எவ்வளவு தூரம்னு பார்த்து, டயர்லயும் அதே இடத்த தேடுங்க. உள்ள ஒரு துணிய விட்டு சுத்தி இழுங்க, முள்ளோ கண்ணாடியோ இருந்தா துணி மாட்டும், விரல விட்டா விரல் கிழியும். ஓட்டை டியூப்போட ரிம் பக்கத்துல இருந்தா முள்ளு இல்ல, ரிம் டேப் (ரிம்முக்குள்ள சக்கரக் கம்பி முனைய மூடற பட்டை) நகர்ந்து கம்பி முனை குத்துது, டேப்ப மாத்துங்க.

இன்னொருத்தருக்கு செயினுக்கு எண்ணெய் விட்டதுக்கப்புறம் டிஸ்க் பிரேக்கே புடிக்கலையாம். ஸ்பிரே அடிச்சா அப்படித்தான், காத்துல பறந்து டிஸ்க்ல ஒட்டிக்கும். டிஸ்க்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால துடைச்சா சரியாகும், பேடு எண்ணெய் குடிச்சிருந்தா பெரும்பாலும் புதுசுதான் போடணும். டிஸ்க் வண்டிக்கு சொட்டு பாட்டில் மட்டும் வாங்குங்க.