கிறிஸ்துமஸ் மரத்தைக் குப்பையில் போடாதீர்கள், பறவைகளுக்குக் கொடுங்கள்

பண்டிகை முடிந்த மறுவாரமே, வெட்டி வந்த அசல் மரம் வாசலுக்கு வெளியே போய்விடுகிறது. ஆனால் குளிர்நாடுகளில் கடுங்குளிர் அப்போதுதான் தொடங்குகிறது. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள, வட அமெரிக்காவின் சிக்கடீ போன்ற குருவிகள், பகலில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் நீண்ட இரவைக் கடக்கின்றன. ஒரே இரவில் உடல் எடையில் 10 சதவீதம் வரை கரைந்துவிடுவதும் உண்டு. விடிந்ததும் அவற்றுக்கு இரை வேண்டும், பயமில்லாமல் தின்ன மறைவிடமும் வேண்டும். இரண்டுக்கும் அந்தப் பழைய மரம் போதும்.

1. மரத்தைச் சுத்தம் செய்யுங்கள். விளக்குச் சரம், கொக்கி, கம்பி, ஜிகினா எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. கண்ணுக்குத் தப்பிய ஜிகினா இழை பறவையின் காலில் சுற்றிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு கிளையையும் கையால் தடவிப் பாருங்கள். செயற்கைப் பனியோ சாயமோ பூசிய மரம் இதற்கு வேண்டவே வேண்டாம்.

2. இடம் பாருங்கள். தாங்கியோடு நிறுத்தி, காற்றில் சாயாதபடி ஒரு கம்பத்தோடு கட்டுங்கள். கண்ணாடி ஜன்னலில் பறவைகள் மோதிச் சாவது நிறைய நடக்கிறது. மரம் ஜன்னலுக்கு 1 மீட்டருக்குள் இருந்தால் அவை வேகம் பிடிக்குமுன்னே நின்றுவிடும். இல்லையென்றால் 10 மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். பூனை பதுங்கும் புதர் பக்கத்தில் வேண்டாம்.

3. இரைக் கூம்பு செய்யுங்கள். அலங்காரத்தில் இருந்த பைன் கூம்புகளை எடுங்கள். மூடியிருந்தால் வீட்டுக்குள் உலர விடுங்கள், செதில்கள் தானே விரியும். ஒரு பங்கு மாட்டுக்கொழுப்பையோ பன்றிக்கொழுப்பையோ சிறுதீயில் உருக்கி, மொத்தம் இரண்டு பங்கு சூரியகாந்தி விதை, ஓட்ஸ், உப்பில்லாத வேர்க்கடலைத் துண்டுகளைக் கலக்குங்கள். களி பதத்துக்கு ஆறியதும் விரலால் செதில் இடுக்குகளில் அழுத்தித் திணித்து, ஃபிரிட்ஜில் இறுக விடுங்கள். பிறகு சணல் கயிற்றில் கட்டிக் கிளையில் தொங்கவிடலாம். நைலான் நூல் வேண்டாம்.

வறுத்த சட்டியில் மிஞ்சும் கொழுப்பை மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அதில் உப்பு இருக்கும். இறுகாமல் இறகில் அப்பிக்கொள்ளும். இறகு பிசுபிசுத்தால் ஈரமும் குளிரும் உள்ளே இறங்கிவிடும்.

4. கதவில் தொங்கிய தழை வளையம் அசல் இலைகளால் ஆனதென்றால், அதன் கூரான குச்சிகளில் பாதி ஆப்பிளைக் குத்தி, வளையத்தை மரத்திலேயே மாட்டுங்கள். அதில் ஹாலி என்னும் முள்ளிலைச் செடியின் சிவப்புப் பழங்கள் இருந்தால் அப்படியே விடுங்கள், பூங்குருவி (த்ரஷ்) வகைப் பறவைகள் தேடி வந்து தின்னும்.

முதல் சில நாட்கள் எதுவும் வராமல் போகலாம், பொறுத்திருங்கள். வந்த பிறகு கவனித்துப் பாருங்கள்: சிக்கடீ ஒரே ஒரு விதையை எடுத்து உள்கிளைக்குப் போகும், கால்களுக்கிடையில் அதைப் பிடித்துக்கொண்டு அலகால் டொக் டொக்கென்று கொத்தி உடைக்கும். வெறும் தட்டில் இரை வைத்தால் அதற்கு இந்த மறைவு கிடைக்காது. அதனால்தான் மரம் என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

5. சுத்தம். நனைந்து பூஞ்சை பிடித்த இரையை உடனே எடுத்துவிடுங்கள். கீழே சிந்திய தோலையும் எச்சத்தையும் அடிக்கடி கூட்டுங்கள். சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இதன் வழியாகவும் பரவும். நோயுற்ற பறவை கண்ணில் பட்டால் சில வாரங்கள் இரை வைப்பதை நிறுத்துங்கள்.

வெயில் ஏறிக் கொழுப்பு உருகத் தொடங்கினால் கூம்புகளை இறக்கிவிடுங்கள். ஊசியிலைகள் உதிர்ந்ததும் கிளைகளை வெட்டித் தோட்டத்து மூலையில் குவித்து வையுங்கள். ரென் குருவிகள் அதற்குள் புகுந்து பூச்சி தேடும்.