ஓடும் பிள்ளையை வைத்துக் கேமரா பழகுங்கள்

பூ அசையாமல் நிற்கும், பிள்ளை நிற்காது. அதனால்தான் கேமரா பழகப் பிள்ளையே நல்லது என்பேன். முதலில் ஷட்டர் வேகம், அதாவது கேமரா எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுகிறது என்பது. என் மகள் மொட்டைமாடியில் ஓடும்போது 1/500 விநாடி வைக்கிறேன். வேகத்தைக் குறைத்தால் படத்தில் கைகால் கலங்கிவிடும். உட்கார்ந்து இட்லி சாப்பிடும்போது 1/125 போதும். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவா? ஃப்ளாஷ் வேண்டாம். ஜன்னலோரம் உட்கார வைத்து, ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவை) 1600 வரை தயங்காமல் ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்தால் பரவாயில்லை, கலங்கிய முகத்தைச் சரிசெய்வதுதான் கஷ்டம்.

அப்புறம் அபெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை. எஃப் எண் சிறிதானால் துளை பெரிதாகும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்தால் பின்னால் காயும் துணியெல்லாம் மங்கிவிடும். ஆனால் மிக அருகில் போனால் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கும். எஃப் 2.8க்கு வாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். முட்டி போட்டு அவள் உயரத்துக்கு இறங்குங்கள். "சிரி" என்று சொல்லாமல், பள்ளியில் என்ன விளையாடினாள் என்று கேளுங்கள்.