ஸ்ட்ராட் கிட்டாரில் ரெயில் பிக்கப் பொருத்துதல்: சால்டர் வைப்பதற்கு முன் மீட்டரைக் கேளுங்கள்

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரின் குறுகிய துளைக்குள் அப்படியே அமரும் அளவில், உள்ளே இரண்டு மெல்லிய சுருள்களைக் கொண்ட ஹம்பக்கர் (இரைச்சலை நீக்கும்) பிக்கப்புகள், அதாவது தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகங்கள், கிடைக்கின்றன. துருவக் குமிழ்களுக்குப் பதிலாக இரண்டு நீண்ட உலோகப் பட்டைகள் இருப்பதால் இவற்றை ரெயில் பிக்கப் என்கிறார்கள். மரத்தையும் அதன்மேல் உள்ள தகடான பிக்கார்டையும் வெட்டாமலே தடித்த ஒலியைப் பெறலாம்; ஒற்றைச் சுருளின் ஓயாத ரீங்காரமும் அடங்கும். பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கப் பிக்கப்பை மட்டும் மாற்றும் முறையை இங்கே விளக்குகிறேன். மூன்றையும் மாற்றுபவர்களும் இதையே மூன்று முறை செய்ய வேண்டியதுதான். சால்டரிங் அயர்னை ஏற்கெனவே கையில் பிடித்துப் பழகியவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கருவிகள்

நாற்பது வாட்டுக்குக் குறைந்த அயர்ன் வேண்டாம். நுனி ஊசி போலன்றி உளி போல் தட்டையாக இருக்கட்டும். வால்யூம் பாட்டின் (ஒலியளவுத் திருகுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடையின்) முதுகு பெரிய உலோகப் பரப்பு என்பதால், மெல்லிய நுனி தரும் சூட்டை அது உறிஞ்சிவிடும். சால்டர் 60/40 வகை, உள்ளே ரோசின் கொண்டதாக இருந்தால் போதும். அமிலம் கலந்த ஃப்ளக்ஸ் பசை இணைப்புகளை அரிக்கும் என்பதால் அதைக் கிட்டாரின் அருகிலேயே கொண்டுவராதீர்கள். டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். விலை குறைந்ததே போதுமானது.

கழற்றுதல்

தந்திகளைக் கழற்றிவிட்டு, பிக்கார்டின் திருகாணிகளை எடுத்து, அதைத் தூக்கி மெதுவாகப் புரட்டுங்கள். ஜாக்குக்கும் பின்புறத்து டிரெமோலோ ஸ்பிரிங்குகளுக்கும் செல்லும் வயர்கள் பெரும்பாலும் குட்டையானவை, இழுத்தால் அறுந்துவிடும். உள்வயரிங்கை இரண்டு கோணங்களில் படம் எடுத்துக்கொண்ட பிறகே, பழைய பிரிட்ஜ் பிக்கப்பின் ஒரு வயரைச் சுவிட்சிலிருந்தும் மற்றொன்றைப் பாட்டின் முதுகிலிருந்தும் விடுவியுங்கள். கழற்றிய பிக்கப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அதற்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. சுருளில் உள்ள கம்பி தலைமுடியளவே தடிமன் கொண்டது என்பதால், ஸ்க்ரூடிரைவரின் முனை சுருளின் பக்கவாட்டில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வயர் எது

புதிதாகச் செய்பவர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ரெயில் பிக்கப்பிலிருந்து நான்கு நிற வயர்களும் உறையில்லாத ஒரு வயரும் வெளியே வரும். நிறங்களின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செய்மோர் டங்கனில் கறுப்பு சிக்னல் (ஒலியைச் சுமக்கும் வயர்), சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக இணைக்க வேண்டும், பச்சை கிரவுண்ட் (சுற்றின் பொது முனைக்குச் செல்லும் வயர்). டிமார்ஸியோவிலோ சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக இணைகின்றன, பச்சை கிரவுண்ட். ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து மற்றொன்றை இணைத்தால் ஒரு சுருள் மட்டுமே ஒலிக்கலாம், அல்லது இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து ஒலி மெலியலாம்; ரீங்காரமும் அப்படியே இருக்கும். பெயர் தெரியாத பிக்கப்பாக இருந்தால் வரைபடமே கிடைக்காது. ஆகவே நிறத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதே நல்லது.

மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, வயர்களை இரண்டிரண்டாகச் சோதியுங்கள். எந்த இரண்டுக்கு இடையே எண் தெரிகிறதோ அவை ஒரே சுருளின் இரு முனைகள்; அப்படி இரண்டு ஜோடிகள் கிடைக்கும். அடுத்து, ஒரு ஜோடியில் மீட்டரை இணைத்தபடியே, இரும்பு ஸ்க்ரூடிரைவர் ஒன்றை அந்தச் சுருளின் பட்டைமீது சட்டென்று தொடச் செய்யுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். தொடும்போது நடப்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், எடுக்கும்போது அது எதிர்த்திசையில் நகரும். ஏறினால், மீட்டரின் சிவப்பு முனை தொட்டிருக்கும் வயரை அந்தச் சுருளின் ‘கூட்டல்’ என்றும் மற்றதைக் ‘கழித்தல்’ என்றும் குறியுங்கள். இறங்கினால் முனைகளை மாற்றிப் பிடித்துச் சோதியுங்கள். முதல் சுருளின் கழித்தலை இரண்டாம் சுருளின் கூட்டலோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணைநிற்கும். மிஞ்சும் கூட்டல் சிக்னல், மிஞ்சும் கழித்தல் கிரவுண்ட்.

பழைய பிக்கப்பின் வேலை இப்போது வருகிறது. சுவிட்சுக்குச் சென்ற அதன் வயரில் சிவப்பு முனையையும், பாட்டுக்குச் சென்ற வயரில் கறுப்பு முனையையும் வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கேயும் எண் ஏறினால் புதியது மற்ற பிக்கப்புகளோடு ஒத்துப்போகும். இறங்கினால் புதியதன் சிக்னலையும் கிரவுண்டையும் இடம் மாற்றிவிடுங்கள். உறையில்லா வயர் மட்டும் எப்போதும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும். இதைத் தவிர்த்தால், பிரிட்ஜும் நடுவும் சேர்ந்து ஒலிக்கும் நிலையில் பேஸ் காணாமல்போய், ஒலி மெலிந்து உள்ளீடற்றுக் கேட்கலாம். ஸ்ட்ராட்டில் அந்த நிலை அடிக்கடி பயன்படுவது; 1977 முதல் ஃபெண்டரே ஐந்து நிலைச் சுவிட்சைத் தொழிற்சாலையில் பொருத்தத் தொடங்கியதற்கும் அந்தக் கூட்டொலிமீது இருந்த விருப்பமே காரணம்.

இணைத்தல்

ஒன்றாகச் சேரும் இரண்டு வயர்களையும் முறுக்கிச் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள்; இன்சுலேஷன் டேப்பின் பசை நாளடைவில் இளகுவதால் எனக்கு அது பிடிப்பதில்லை. சிக்னல் வயர் பழையது இருந்த சுவிட்ச் முனைக்குச் செல்லும். கிரவுண்டையும் உறையில்லா வயரையும் சேர்த்துப் பாட்டின் முதுகில் வைப்பதற்கு முன், அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, முதலில் அங்கே சால்டரைப் படரவிடுங்கள். சால்டர் உருண்டையாக நின்றால் அது பிடிக்கவில்லை என்று பொருள். பளபளத்துத் தட்டையாகப் பரவ வேண்டும். ஐந்து விநாடிக்குள் பரவவில்லையெனில் அயர்னை எடுத்து, பாட் ஆறிய பிறகு மீண்டும் முயலுங்கள்.

தந்திகளைக் கட்டும் முன்பே ஆம்ப்பில் இணைத்து, ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டிப் பாருங்கள். சுவிட்சின் ஐந்து நிலைகளிலும் உரிய பிக்கப் அல்லது பிக்கப்புகள் மட்டுமே ‘டொக்’கென்று கேட்க வேண்டும். பிறகு மூடி, தந்திகளைக் கட்டி, கடைசி ஃபிரெட்டில் அழுத்தியபடி உயரத்தைச் சரிசெய்யுங்கள். பேஸ் பக்கம் 2.4 மில்லிமீட்டர், டிரெபிள் பக்கம் 2 மில்லிமீட்டரில் தொடங்கி, மற்ற பிக்கப்புகளை அமுக்கிவிடாத அளவுக்குக் காதால் கேட்டு இறக்குங்கள்.

பின்சேர்க்கை

இதைப் பின்பற்றியவர்கள் இரண்டு ஐயங்களை எழுப்பியிருக்கிறார்கள். ஒலி மந்தமாக இருக்கிறது என்பது முதலாவது. ஸ்ட்ராட்டில் வழக்கமாக இருப்பவை 250 கிலோ ஓம் பாட்டுகள். ஹம்பக்கருக்கு 500 பொருந்தும். ஆனால் வால்யூம் பாட்டை மாற்றினால் மற்ற இரண்டு பிக்கப்புகளும் கூர்மையாகிவிடும் என்பதால், ஒன்றை மட்டும் மாற்றியவர்கள் முதலில் உயரத்தோடு விளையாடிப் பார்க்கலாம்.

முன்பு அமைதியாக இருந்த இரண்டாம் நிலை (பிரிட்ஜும் நடுவும் சேர்ந்து ஒலிப்பது) இப்போது ரீங்கரிக்கிறது என்பது மற்றொன்று. பழைய நடுப் பிக்கப் எதிர்த்திசைச் சுற்றும் எதிர்க் காந்தமும் கொண்டதாக இருந்திருந்தால், அது பிரிட்ஜ் பிக்கப்போடு சேர்ந்து இரைச்சலை நீக்கிவந்தது. ரெயில் தன் இரைச்சலைத் தானே நீக்கிக்கொள்வதால், நடுவின் ரீங்காரத்துக்கு இப்போது ஈடு இல்லை. இது வயரிங் பிழையன்று. தொந்தரவாக இருந்தால், இரண்டு வயர்களையும் இணைத்த இடத்திலிருந்து தனியாக ஒரு வயரை எடுத்து, புஷ்-புல் பாட் (இழுத்தால் சுவிட்சாகவும் செயல்படும் பாட்) வழியாகக் கிரவுண்டுக்கு அனுப்பினால் சிக்னல் பக்கச் சுருள் மட்டும் ஒலிக்கும். சிக்னலுக்கு அனுப்பினால் மற்றது. இரண்டில் எது வேண்டும் என்பதைத் திசைகாட்டி ஒன்றைப் பட்டைகளின் அருகில் பிடித்து அறியலாம்: நடுப் பிக்கப்புக்கு எதிரான முனையைக் காட்டும் பட்டையின் சுருளே அந்த இரைச்சலை அடக்கும்.