க்ளூனியிலிருந்து புறப்பட்டு க்ளூனிக்கே திரும்பும் சைக்கிள் சுற்று: முதன்முறை செல்பவர்களுக்கு

பிரான்சின் தெற்குப் பர்கண்டியில் உள்ள க்ளூனி என்ற சிற்றூரில் ஒரு காலத்தில் கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் நின்றது. 910-இல் அக்கித்தேன் கோமகன் வில்லியம் நிறுவிய துறவு மடத்துக்காக 1088-இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோயிலின் நீளம் 187 மீட்டர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1798-இல் அது விற்கப்பட்டது. வாங்கியவர்கள் அதைக் கல் குவாரியைப் போலப் பயன்படுத்தி, 1823 வரை உடைத்து விற்றார்கள். இன்று அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே எஞ்சியிருக்கிறது. ஆனால் அதன் காலத்தையும் அதற்குச் சற்று முந்தைய காலத்தையும் சேர்ந்த கிராமத்துத் தேவாலயங்கள் பக்கத்துக் குரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கூரையோடும் மணிக்கோபுரத்தோடும் நிற்கின்றன. ஒரே நாளில் சைக்கிளில் அவற்றைச் சுற்றிவந்து, மாலையில் க்ளூனியின் எச்சத்தைப் பார்ப்பதற்கான வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மொத்தத் தூரம் சுமார் 60 கிலோமீட்டர்.

படி 1: காலமும் சைக்கிளும்

ஏப்ரல் முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஏற்ற காலம். ரயிலில் வருபவர்கள் மாக்கோன் நகரில் இறங்கலாம். வட்டார ரயில்களில் சைக்கிளைக் கழற்றாமலே ஏற்ற முடியும். அங்கிருந்து க்ளூனிக்குச் செல்லும் சைக்கிள் பாதை, புவா க்ளேர் என்ற பழைய ரயில் சுரங்கத்தின் வழியாகப் போகிறது. சுமார் 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தில் கோடையிலும் குளிர் உறைக்கும் என்பதால், ஒரு மெல்லிய மேற்சட்டை கையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே தங்குவதால் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள்.

சாலைச் சைக்கிளாக இருந்தால் 28 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமான டயர் நல்லது. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மேடுகளில் அதுதான் முழங்காலைக் காப்பாற்றும். ஒரு மாற்று டியூப், டயர் நெம்பி, சிறு பம்ப், திருகு சாவிகள், இரண்டு தண்ணீர்க் குப்பிகள், ஒரு பூட்டு ஆகியவை போதும். காலணி பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடியில் கிளீட், அதாவது மிதியில் மாட்டிக்கொள்ளும் கட்டை, பொருத்திய பந்தயக் காலணியை அணிந்துகொண்டு பல நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழவழத்த கல்படியில் கால் வைத்தால் வழுக்கிவிடும்; சாதாரண ரப்பர் அடிக் காலணியே இந்தச் சுற்றுக்குப் பொருத்தம்.

படி 2: சாலை விதிகள்

பிரான்சில் வலப்பக்கமாகச் செல்ல வேண்டும். நம்மில் இடப்பக்கப் பழக்கம் உள்ளவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் நேர்ச்சாலையில் அல்ல. ஆளில்லாத சந்திப்பில் திரும்பும் கணத்திலும், நின்றுவிட்டு மீண்டும் புறப்படும் கணத்திலும்தான். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். கிராமங்களுக்குள் இந்த விதி அடிக்கடி எதிர்ப்படும். ஊருக்கு வெளியே உங்களை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை என்றாலும் அணிந்துகொள்ளுங்கள்.

படி 3: க்ளூனியிலிருந்து கோர்மத்தேன் வரை

காலை எட்டு மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள். க்ளூனியின் பழைய ரயில் நிலையத்தருகே 'வுவா வெர்த்', அதாவது பசுமை வழி, செல்கிறது. க்ளூனிக்கும் ஜிவ்ரிக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் பாதையின் மேல் தார் போட்டு, 1997-இல் திறந்த 44 கிலோமீட்டர் வழி இது. ரயிலுக்காக வெட்டிய பாதை என்பதால் செங்குத்தான மேடு எதுவும் கிடையாது. குரோன் ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால், வடக்கே போகும் உங்களுக்குத் தரையும் ஆற்றோடு சேர்ந்து மெல்லச் சரிந்து கொடுக்கும். கால் சூடேறும் வரை இலகுவான கியரிலேயே மிதியுங்கள்.

சுமார் பத்துக் கிலோமீட்டரில் தேஸே வருகிறது. பாதையை விட்டு விலகிச் சிறு மேடு ஏற வேண்டும். 1940-இல் இங்கு வந்த சுவிட்சர்லாந்துக்காரரான சகோதரர் ரோஜர் தொடங்கிய துறவுக் குடும்பத்தைத் தேடி, இன்றும் பல நாடுகளின் இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்காக 1962-இல் எழுப்பிய பெரிய ஒப்புரவு ஆலயத்தைவிட, நீங்கள் தேட வேண்டியது கிராமத்தின் சின்னஞ்சிறிய பழைய தேவாலயத்தை. உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு; பேச்சுக்குரலைத் தவிர்ப்பது நல்லது. அதன் முற்றத்தில் எளிய மரச்சிலுவையின் கீழ் சகோதரர் ரோஜரின் கல்லறை இருக்கிறது.

மீண்டும் பாதைக்கு இறங்கிச் சென்றால் சில கிலோமீட்டரில் கோர்மத்தேன். பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை மாளிகை இங்கே இருக்கிறது. அதற்குத் தனியாக அரை நாள் வேண்டும் என்பதால், இந்த முறை ரொட்டிக் கடையில் மதிய உணவை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவது நல்லது. சிற்றூர்க் கடைகள் மதியம் அடைத்துவிடும், திங்களன்று பல கடைகள் திறப்பதே இல்லை. ஆகவே இங்கே வாங்காமல் போய்விடாதீர்கள்.

படி 4: ஷப்பேஸ்

கோர்மத்தேனிலிருந்து கிழக்கே திரும்பி டி14 என்ற சாலையில் ஆறேழு கிலோமீட்டர். வயல்களுக்கு மேலே முதலில் மணிக்கோபுரம் தெரியும், ஊர் பிறகுதான் தெரியும். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித மார்ட்டின் தேவாலயத்தின் அந்தக் கோபுரம் 35 மீட்டர் உயரம்.

உள்ளே நுழைவதற்கு முன் கட்டடத்தை ஒரு முறை வலம் வாருங்கள். கல் ஒவ்வொன்றும் கைக்கு அடங்கும் அளவில், சுத்தியலால் தட்டி உடைத்ததாக இருக்கும். க்ளூனியின் பெரிய, வழவழப்பாகச் செதுக்கிய கல்லோடு பின்னால் ஒப்பிட இதை நினைவில் வையுங்கள். கோபுரச் சுவரில் தட்டையான நெடும்பட்டைகள் மேலேறி, உச்சியில் வரிசையான சிறு வளைவுகளால் ஒன்றோடொன்று இணைவதைப் பாருங்கள். லொம்பார்டிப் பட்டைகள் எனப்படும் இவை, வட இத்தாலியக் கட்டட மரபு இங்கு வந்து சேர்ந்ததற்கு அடையாளம்.

பிறகு கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே நுழைந்த இடத்திலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். வெயிலில் வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியாது. வியர்வை மேல் குளிர் படியும். மெல்ல இருட்டு விலகும்போது, கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் சுற்றளவுள்ள உருண்டைத் தூண்கள் ஒவ்வொன்றாக எழும். அவற்றில் சில நேராக நிற்கவில்லை, வெளிப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. கல்லால் ஆன வளைவுக் கூரை தன் எடையைக் கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலைத் தாங்கித்தான் தூண்கள் சாய்ந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கூரையைக் கூர்முனை வளைவாக மாற்றிக் கட்டினார்கள், ஏனெனில் கூர்முனை வளைவு பக்கவாட்டில் குறைவாகவே தள்ளும். இந்தத் தேவாலயங்களின் காலத்து ஐரோப்பியக் கட்டடப் பாணியான ரோமனெஸ்க் கட்டடக்கலையின் அடிப்படைச் சிக்கலை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் இடம் இந்தச் சுற்றில் வேறில்லை. நான் இங்கே செலவிடச் சொல்வது குறைந்தது நாற்பது நிமிடம்.

படி 5: பிராங்சியோன்

அதே டி14 சாலை இப்போது ஏறத் தொடங்குகிறது. முன்னால் சிறிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று மேடு தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் சங்கிலி முரண்டு பிடிக்கும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். கடைசிப் பகுதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் தவறே இல்லை.

கோட்டை, மரத்தூண்கள் தாங்கும் பழைய சந்தைக் கூடம், குன்றின் விளிம்பில் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புனித பேதுரு தேவாலயம் என்று ஊரே சிறிய மேட்டில் அடங்கிவிடுகிறது. தேவாலயத்துக்குள் மங்கிய சுவரோவியங்களையும், 1250-இல் எகிப்தின் மன்சூராவில் சிலுவைப் போரில் இறந்த ஜோஸ்ஸரான் பிரபுவின் படுத்த நிலைச் சிற்பத்தையும் பாருங்கள். உணவை வெளியே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உண்ணலாம்.

குப்பி காலியானால் ஒரு வழி உண்டு. பிரெஞ்சுக் கிராமங்களில் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். 'Eau non potable' (ஓ நோன் பொதாப்ள்) என்று பலகை இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்கத் தகாதது, நிரப்பாதீர்கள்.

படி 6: திரும்பும் வழி

வந்த வழியே ஷப்பேஸுக்கு இறங்கி, அங்கிருந்து தெற்கே ஷிஸ்ஸே வழியாகப் பிளானோவுக்குச் செல்லுங்கள். பிளானோ, 579 மீட்டர் உயரமுள்ள சேன் ரோமேன் மலையின் அடியில் இருக்கும் கற்கிராமம். அதன் மெலிந்த கோபுரத்தில் ஷப்பேஸில் பார்த்த அதே பட்டைகளும் வளைவுகளும் மீண்டும் வரும், இப்போது யாரும் சொல்லாமலே உங்களுக்கு அடையாளம் தெரியும். வழியில் ஏற்றம் உண்டு. கால் தளர்ந்திருந்தால் இதை விட்டுவிட்டு, கோர்மத்தேனுக்குப் போய்ச் சமதளமான பசுமை வழியிலேயே திரும்பிவிடுங்கள். தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பிளானோவிலிருந்து காட்டுச் சாலையில் இறங்கும்போது, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே இரு பிரேக்குகளையும் இடைவிட்டு இடைவிட்டு அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் திடீரென்று பிடித்தால் சக்கரம் சறுக்கும்.

படி 7: க்ளூனி

மடம் மூடும் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஊர் வந்து சேருங்கள். சைக்கிளைப் பூட்டிவிட்டு, இடிபடாமல் தப்பிய தெற்குச் சிறகுக் கூடத்துக்கு நேராகப் போங்கள். சிலுவை வடிவில் கட்டிய பெரிய கோயிலின் ஒரு கைதான் இது. கூரை சுமார் 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் வயல்களுக்கு மேலே தொலைவிலிருந்தே தெரிந்த ஷப்பேஸ் மணிக்கோபுரத்தை இந்தக் கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினால், அதன் உச்சியில் சுமார் ஐந்து மீட்டர் மட்டும்தான் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.