மலேசியாவின் சுங்கைப்பட்டாணிக்கு வருகிறவர்களுக்கு: ஆங்கிலப் பேப்பரை எவ்வளவு நம்பலாம்?

வேலை பெர்மிட், மருத்துவச் சோதனை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் உங்களைக் கூப்பிட்ட கம்பெனியோ கல்லூரியோ பார்த்துக்கொள்ளும். கேட்கிற தாள்களைக் கொடுத்தால் போதும். இந்த ஊர் இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் திறந்திருக்கும். கோலாலம்பூரில் இருக்கும் மாமா சொன்னார் என்று வெள்ளிக்கிழமை வங்கி வாசலில் போய் நிற்காதீர்கள்.

அப்புறம் பேப்பர். ஊரில் விடிந்தால் வாசலில் இங்கிலீஷ் பேப்பர் கிடக்க வேண்டும் நமக்கு. இங்கே பீடோங் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வீடு எடுத்தால், பேப்பர் போட ஆள் வருவது சந்தேகம். டவுனுக்குப் போகும்போது நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தி ஸ்டாரும் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும்தான் பெரியவை. மொழி சுத்தமாக இருக்கும், படங்கள் நன்றாக இருக்கும், சாப்பாட்டுப் பக்கம் பிரமாதம். தலையங்கத்தில் மட்டும் சூடு குறைவு. அதற்குக் காரணம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி, உள்துறை அமைச்சின் அனுமதி இல்லாமல் இங்கே நாளிதழ் நடத்த முடியாது. 1987இல் ஓப்பராசி லாலாங் என்ற பெயரில் அரசு நடத்திய கூட்டுக் கைதுகளின்போது ஸ்டாரின் அனுமதியையே பறித்தார்கள். அடுத்த ஆண்டுதான் திரும்பக் கிடைத்தது. போதாததற்கு அதன் பெரிய பங்குதாரர் ம.சீ.ச. என்ற மலேசியச் சீனர் அரசியல் கட்சி. இதையெல்லாம் தெரிந்துகொண்டு படித்தால் எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று பிடிபடும்.

எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். ஸ்டார் 1971இல் பக்கத்துப் பினாங்கில் பிறந்த பேப்பர். இன்று அதன் புத்தி முழுக்கக் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில். நம் பக்கம் பெரிதாக ஏதாவது இடிந்தால்தான் எட்டிப் பார்ப்பார்கள். 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி என்கிற பழங்காலக் கோயில் ஒன்றைப் புல்டோசர் வைத்துத் தள்ளியபோது அப்படித்தான், நாடே பேசியது. நாம் பள்ளியில் கடாரம் என்று படித்த மண் இதுதான். மெர்போக்கில் அருங்காட்சியகம் இருக்கிறது, வந்த சூட்டோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, ஆங்கிலப் பேப்பரை நம்பிப் பணம் போன கதை ஒன்று சொல்கிறேன். தோட்டப் பக்கத்தில் காடி, அதாவது கார், இல்லாமல் காலம் தள்ள முடியாது. பஸ் வந்தால் வந்தது. புதிதாக வந்த வெளிநாட்டுக்காரருக்குக் கடன் என்றால் பல வங்கிகள் பெரிய முன்பணமும் உள்ளூர் ஜாமீனும் கேட்கும். திருநெல்வேலியிலிருந்து பாடம் நடத்த வந்த நண்பர் ஒருவர், ஓர் ஆங்கில நாளிதழின் வரி விளம்பரத்தில் மைவி கார் ஒன்றைப் பார்த்தார். முன்பணம் கொஞ்சம், மீதி மாதத் தவணை, வங்கிக்குப் போகவே வேண்டாம். இங்கே இதைச் சம்புங் பாயார் என்பார்கள். இன்னொருவர் பெயரில் உள்ள கடனை நீங்கள் கட்டுவீர்கள், காடியை நீங்கள் ஓட்டுவீர்கள், பெயர் மட்டும் மாறாது. இங்கிலீஷ் பேப்பரில் வந்ததாயிற்றே, விசாரிக்காமலா போட்டிருப்பார்கள் என்று நினைத்தார் மனுஷன். ஊர்ப் பழக்கம்! வரி விளம்பரத்தை யாரும் சோதிப்பதில்லை. காசு கட்டினால் வரும்.

அவர் மாதாமாதம் தவணைப் பணத்தை உரிமையாளரிடம் ஒழுங்காகக் கொடுத்தார். உரிமையாளர் வங்கியில் கட்டவில்லை. வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணை தவறினாலே வங்கி நோட்டீஸ் அனுப்பலாம். 21 நாள் கழித்துக் காடியை இழுத்துக்கொண்டு போகலாம். அந்த நோட்டீஸ் யாருக்குப் போகும்? கடன் யார் பெயரிலோ அவருக்கு. நண்பருக்கு விஷயம் தெரிந்ததே, சாப்பாட்டுக் கடையிலிருந்து வெளியே வந்து காலி இடத்தைப் பார்த்தபோதுதான். போலீஸுக்குப் போனார். காடி உங்கள் பெயரில் இல்லையே என்று கேட்டார்கள். அதற்கு என்ன பதில் இருக்கிறது? கொடுத்த முன்பணமும் போயிற்று, தவணைகளும் போயின. இதில் அவருக்கு அதிர்ஷ்டமும் உண்டு, எங்கேயும் மோதவில்லை. இன்ஷூரன்ஸும் அந்த ஆள் பெயரில்தான் இருந்தது.

ஆகவே பழைய காடி வாங்குவதானால் முதலில் கிரானை, அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தை, கேளுங்கள். அதில் வங்கியின் உரிமைக் குறிப்பு இருந்தால், கடன் அடைந்து அது நீங்கும்வரை கையைப் பையிலேயே வையுங்கள். வாகனச் சோதனை முடிந்து, ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் இரண்டு பேரும் கைரேகை வைத்துப் பெயர் மாற்ற வேண்டும். விற்கிறவர் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணே" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கையில் காசு இல்லையா, முதல் வருஷம் மோட்டார் சைக்கிளில் போங்கள். இங்கே அதை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை.

உள்ளூர்ச் சேதிக்கு மலாய்ப் பேப்பர்தான் சரி. சினார் ஹரியானில் மாநிலப் பக்கங்கள் உண்டு. தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தாலே மலாயும் கொஞ்சம் வரும். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி, துக்கச் செய்தி எல்லாம் மக்கள் ஓசை, மலேசிய நண்பன் என்ற தமிழ்ப் பேப்பர்களில். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. மிச்சம் இருப்பதையாவது காசு கொடுத்து வாங்குங்கள். ஆங்கிலப் பேப்பரை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம், ஞாயிறு உங்களுக்கு வேலை நாள் என்பதை மறக்காமல். கிரிக்கெட்டுக்காக மட்டும் அதை வாங்கிவிடாதீர்கள். விளையாட்டுப் பக்கம் முழுக்கப் பேட்மிண்டனும் இங்கிலாந்துக் கால்பந்தும்தான்.